ஃபயர் கண்ட்ரோல் பிளானைக் கையில வச்சுக்கிட்டு கப்பல் முழுக்க நடந்த கதை

2004க்கு முன்னாடி கட்டின ஒரு பல்க் கேரியர்ல (நிலக்கரி, தானியம் மாதிரி சரக்கை மூட்டை கட்டாம அப்படியே ஏத்தற கப்பல்) தேர்ட் மேட்டா, அதாவது மூணாவது டெக் அதிகாரியா, ஏறினப்ப நடந்த வேலை இது. கப்பல் அப்பத்தான் ட்ரை டாக் (தண்ணியை வடிச்சுட்டு கப்பலை ரிப்பேர் பண்ற இடம்) முடிச்சு வெளிய வந்திருந்தது, யார்டுல பேலஸ்ட் வாட்டர் ட்ரீட்மெண்ட் சிஸ்டம் (கப்பல் நிலையா நிக்க ஏத்தற தண்ணியைச் சுத்தம் பண்றது) புதுசா மாட்டியிருந்தாங்க, கேலி, அதாவது சமையலறை, எக்ஸாஸ்ட் டக்ட்ல பாதி மாத்தியிருந்தாங்க, வொர்க்‌ஷாப் பக்கம் ஒரு பார்ட்டிஷனை நகத்தியிருந்தாங்க. அடுத்த போர்ட் ஆஸ்திரேலியா, நியூகாசில். அங்க போறோம்னாலே ஆம்சா (ஆஸ்திரேலிய கடல் பாதுகாப்பு அமைப்பு) இன்ஸ்பெக்டர் ஏறுவார்னு வச்சுக்கிட்டுத்தான் எல்லாரும் வேலை பார்ப்பாங்க. எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதின ஹேண்டிங் ஓவர் நோட்ஸ்ல "யார்டு வேலைக்கு அப்புறம் ஃபயர் பிளான் செக் பண்ணணும்"னு ஒரே ஒரு வரி, அவ்வளவுதான். ஃபயர் ஃபைட்டிங், லைஃப் சேவிங் ரெண்டுமே பெரும்பாலும் தேர்ட் மேட் தலையிலதான் விழும், அதனால வேற யாரு மேலயும் தள்ளவும் முடியாது.

தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. ஃபயர் கண்ட்ரோல் பிளான்ங்கறது கப்பலோட ஒவ்வொரு டெக்கையும் மேலேர்ந்து பார்த்த மாதிரி வரைஞ்சு, எங்க எந்தத் தடுப்புச் சுவர், எங்க டிடெக்டர், எங்க எக்ஸ்டிங்குஷர், எந்த வழியா உள்ள போகலாம், எந்த ஃபேனை எங்கேர்ந்து நிறுத்தலாம், டாம்பர் (காத்துக் குழாயை அடைக்கற தகடு) எங்க இருக்குன்னு எல்லாத்தையும் சிம்பலாப் போட்ட டிராயிங். சோலாஸ்ல (கடல்ல உயிர் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) அத்தியாயம் 2-2, ரெகுலேஷன் 15ல இது வருது. அக்கமடேஷன் (ஆட்கள் தங்கற பகுதி) உள்ள நிரந்தரமா மாட்டியிருக்கணும், அது போக ஒரு செட் டெக்ஹவுஸுக்கு வெளிய மழை தண்ணி போகாத டப்பாவுல இருக்கணும். வெளிய இருக்கற அந்த செட்டு நமக்கு இல்ல, கரையிலேர்ந்து வர்ற ஃபயர் பிரிகேடுக்கு. இதை மனசுல வச்சுக்கிட்டு பிளானைப் பார்த்தா பார்வையே வேற மாதிரி ஆயிடும், ஏன்னா நமக்கு கப்பல் தெரியும், அவங்களுக்கு அந்தப் பேப்பரை விட்டா வேற எதுவும் தெரியாது.

முதல் வேலையா லெஜண்டை, அதாவது சிம்பல் விளக்கப் பட்டியலை, படிச்சேன். நிறைய பேர் நேரா டிராயிங்குக்குப் போயிடுவாங்க, ஆனா ஷீட்டோட ஓரத்துல சிம்பல், பக்கத்துல விளக்கம், அதுக்குப் பக்கத்துல டெக் வாரியா எத்தனைன்னு ஒரு டேபிள் இருக்கும், அதுலதான் பாதி விஷயம் ஒளிஞ்சிருக்கு. இந்தக் கப்பல் பிளான் பழைய சிம்பல்ல இருந்தது, அதாவது 1989ல ஐஎம்ஓ (ஐநாவோட கப்பல் துறை அமைப்பு) கொண்டு வந்த ஏ.654(16) தீர்மானத்துப்படி. 2003 டிசம்பர்ல ஏ.952(23)னு புதுசு வந்துச்சு, 2004 ஜனவரி 1க்கு அப்புறம் கட்டற கப்பலுக்கு அது, பழைய கப்பல் பழைய சிம்பலையே வச்சுக்கலாம். பழசு பெரும்பாலும் கோடும் எழுத்துமா இருக்கும், புதுசுல பெரும்பாலும் சிவப்புச் சதுரத்துக்குள்ள வெள்ளையில படம், பார்த்தவுடனே ஓரளவுக்கு ஊகிச்சுடலாம். பிரச்சினை என்னன்னா கப்பல்ல ஓடற பசங்க எல்லாம் கோர்ஸ்ல படிச்சது புதுசு, பல்க்ஹெட்ல (கப்பலோட உள் சுவர்) ஒட்டியிருக்கற ஸ்டிக்கரும் புதுசு, சுவத்துல மாட்டியிருக்கற பிளான் மட்டும் பழசு. பத்தாததுக்கு 2019லேர்ந்து கட்டற கப்பலுக்கு பல்க்ஹெட் மேல ஒட்டற அடையாளங்களுக்குன்னு ஏ.1116(30) தனியா வந்திருக்கு, அது பிளான் சிம்பலுக்கு இல்ல, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறவங்களை நிறையப் பார்த்திருக்கேன்.

அடுத்து ஒவ்வொரு டெக்கையும் தனித்தனியா ஏ3 சைஸ்ல காப்பி எடுத்தேன். ஒரிஜினல்ல கை வைக்கக் கூடாது, அது கிளாஸ் (கப்பலோட தரத்தைச் சோதிச்சு சான்று தர்ற நிறுவனம்) அப்ரூவல் ஸ்டாம்ப் போட்ட டிராயிங். காப்பியில பச்சை ஹைலைட்டர்னா பிளான்ல இருக்கற இடத்துலயே இருக்கு, ஆரஞ்சுன்னா இடம் மாறியிருக்கு, பிங்க்னா பொருளே வேற. கூட டெக் கேடட்டைக் கூட்டிக்கிட்டேன், தூத்துக்குடிப் பையன், முதல் கப்பல். "சார், எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா சார்?"னு கேட்டான். "ஒண்ணும் மனப்பாடம் பண்ண வேணாம்டா தம்பி, ஒவ்வொண்ணையும் கையால தொட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லு, போதும்"னேன்.

மங்கி ஐலண்ட்லேர்ந்து, அதாவது பிரிட்ஜுக்கு மேல இருக்கற உச்சி டெக்லேர்ந்து, கீழ நோக்கி வந்தோம். பிரிட்ஜ், கேபின் டெக்கெல்லாம் சீக்கிரம் முடிஞ்சுடுச்சு, எக்ஸ்டிங்குஷர் நம்பர் சரி, கால் பாயிண்ட் (அலாரம் அடிக்க அழுத்தற பட்டன்) சரி, ஹைட்ரண்ட் சரி. அக்கமடேஷன்ல நேரம் எடுத்தது கதவுதான். பிளான்ல ஏ கிளாஸ், பி கிளாஸ்னு தீத்தடுப்புச் சுவரோட தரத்தைக் காட்டற கோடு ஓடும், அந்தக் கோட்டுல ஒரு கதவு வந்தா அதுவும் அதே தரத்துல இருக்கணும். ஏ-60ன்னா என்னன்னு கேட்டா பாதிப் பேர் "60 நிமிஷம் தீ தாங்கும்"னு சொல்லுவாங்க, அது அரைகுறை. ஏ கிளாஸ் எதுவா இருந்தாலும் ஸ்டாண்டர்ட் ஃபயர் டெஸ்ட்ல 1 மணி நேரம் புகையையும் தீயையும் அந்தப் பக்கம் விடக் கூடாது, அது ஏ-0க்கும் உண்டு. அந்த 60ங்கறது சூட்டுக்கு, அதாவது தீ படாத பக்கத்துல 60 நிமிஷம் வரைக்கும் சராசரி வெப்பம் ஆரம்பத்துல இருந்ததை விட 140 டிகிரிக்கு மேல ஏறக் கூடாது, எந்த ஒரு புள்ளியிலயும் அந்த ஏற்றம் 180 டிகிரியைத் தாண்டக் கூடாது. பி கிளாஸ்னா தீயைத் தாங்கறது அரை மணி நேரம்தான். இது புரிஞ்சாத்தான் பிளான்ல அந்தக் கோடு எதுக்கு அங்க வளைஞ்சு போகுதுன்னு புரியும், எந்தச் சுவத்துக்குப் பின்னாடி நின்னு பவுண்டரி கூலிங் (தீ பரவாம சுவத்தைத் தண்ணி அடிச்சு ஆத்தறது) பண்ணலாம்னு முடிவெடுக்கறவனுக்கு அந்தக் கோடுதான் முக்கியம். பிளான்ல செல்ஃப் க்ளோசிங்னு சிம்பல் போட்டிருந்த ஒரு ஸ்டேர்கேஸ் கதவை யாரோ கயித்துல கட்டித் திறந்து வச்சிருந்தாங்க, காத்து வரட்டும்னு. அவுத்து எறிஞ்சாச்சு. இந்தக் கயித்துக் கட்டு எல்லாக் கப்பல்லயும் உண்டு, எத்தனை தடவை அவுத்தாலும் மறுநாள் முளைக்கும்.

கேலி டக்ட்ல சுவாரசியமே ஆரம்பிச்சது. புது டக்ட் போட்டப்ப ஃபயர் டாம்பரை கொஞ்சம் தள்ளி மாட்டியிருக்காங்க, கைப்பிடி இப்ப ஒரு லாக்கருக்குப் பின்னாடி போயிருச்சு. பிளான்ல பழைய இடத்துல சிம்பல். டாம்பர், வென்டிலேஷன் மூடி, ஃபேன் ஸ்டாப் இதுக்கெல்லாம் கலர் கோட் உண்டு, அக்கமடேஷனும் சர்வீஸ் ஸ்பேஸும் நீலம், மெஷினரி ஸ்பேஸ் பச்சை, கார்கோ ஸ்பேஸ் மஞ்சள். இந்த ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டா வென்டிலேஷன் சிம்பல்ல பாதி தானா விளங்கிடும். ஆனா நம்ம பிளான் காப்பி வெயில்ல வெளுத்துப் போய் நீலமும் பச்சையும் ஒரே மாதிரி தெரிஞ்சுது, நல்ல வெளிச்சத்துல வச்சுப் பார்த்தாத்தான் வித்தியாசம். வெளுத்த பிளான் இருந்தா மாத்திடுங்க, கலர்ல அர்த்தம் வச்ச டிராயிங்ல கலர் போச்சுன்னா மிச்சம் என்ன இருக்கு?

ஃபனல் (புகைபோக்கி) பக்கம் போய் டாம்பர் ஒவ்வொண்ணையும் ஆட்டிப் பார்த்தோம். ஒரு கைப்பிடியில ஓபன், ஷட்ங்கற மார்க் பெயிண்டுக்கு அடியில போயிருந்துச்சு, போசன் (டெக் ஆட்களோட தலைவர்) சுரண்டிப் பார்த்தார், மூணு லேயர் வெள்ளை பெயிண்ட், அதுக்குக் கீழ எழுத்து. கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தா மூடியிருக்குன்னு உள்ள டார்ச் அடிச்சு பிளேடைப் பார்த்து உறுதி பண்ணிட்டு புதுசா ஸ்டென்சில் போட்டோம். எதுக்கு இவ்வளவுன்னா, இன்ஜின் ரூம்ல தீயை அணைக்க சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) விட்டா 2 நிமிஷத்துக்குள்ள தேவையான கேஸ்ல 85 சதவீதம் உள்ள போயிருக்கணும்ங்கறது விதி, அப்படி அடிச்சு உள்ள விட்ட கேஸ் ஒரு திறந்த டாம்பர் வழியா ஃபனல்ல போயிடுச்சுன்னா திரும்ப விட வேற பாட்டில் கிடையாது.

இன்ஜின் ரூம்லதான் ஆரஞ்சு ஹைலைட்டர் தீர்ந்து போச்சு. பேலஸ்ட் சிஸ்டம் மாட்ட இடம் வேணும்னு ஒரு ஈஈபிடியை எடுத்து கண்ட்ரோல் ரூமுக்குள்ள வச்சிருக்காங்க. ஈஈபிடின்னா தப்பிச்சுப் போறதுக்கு மட்டும் உள்ள சின்ன மூச்சுக் கருவி, குறைஞ்சது 10 நிமிஷம் வரும், அதைப் போட்டுக்கிட்டு தீ அணைக்கப் போகக் கூடாது, அதுக்கு எஸ்சிபிஏ, அதாவது முதுகுல காத்து சிலிண்டரோட போடற மூச்சுக் கருவி, தனி. பிளான்ல ரெண்டுக்கும் வேற வேற சிம்பல், ஆனா புதுசா வர்றவங்க ரெண்டையும் "மாஸ்க்"னு ஒரே பேர்ல கூப்பிடுவாங்க. கீழ் பிளாட்ஃபார்ம்ல புகையில மாட்டினவன் கண்ட்ரோல் ரூம் வரைக்கும் ஏறி வர முடிஞ்சா அவனுக்கு ஈஈபிடியே தேவைப்படாது, அதனால பிளானை மாத்தறதுக்குப் பதிலா பொருளைத்தான் பழைய இடத்துக்குப் பக்கத்துல, ஏணிக்கிட்ட, கொண்டு வரணும்னு செகண்ட் இன்ஜினியர்கிட்ட சொன்னேன், அவரும் ஒத்துக்கிட்டார், ஃபிட்டர் அன்னைக்கே பிராக்கெட் வெல்ட் பண்ணிட்டார்.

பிங்க் வந்தது எக்ஸ்டிங்குஷர்லயும் டிடெக்டர்லயும். எக்ஸ்டிங்குஷர் சிம்பலோட ஒரு எழுத்து வரும், டபிள்யூன்னா தண்ணி, எஃப்னா ஃபோம், பின்னா பவுடர், அப்புறம் சிஓ2, கூடவே கொள்ளளவு. பிளான்ல ப்யூரிஃபையர் ரூம் (எண்ணெயைச் சுத்தம் பண்ற மெஷின் இருக்கற இடம்) வாசல்ல எஃப், 9 லிட்டர். நேர்ல தொங்கறது பவுடர். எண்ணெய்த் தீக்குப் பவுடரும் ஆகும்தான், ஆனா பவுடர் தீயை அமுக்கிட்டு நிக்காது, சூடான எண்ணெய் திரும்பப் பத்திக்கும், ஃபோம்னா மேல போர்வையா நிக்கும், அங்க ஃபோம் போட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஸ்டோர்ல தேடினா ஃபோம் எக்ஸ்டிங்குஷர் இருந்துச்சு, சர்வீஸ் போயிட்டு வந்து யாரோ மாத்தி மாட்டியிருக்காங்க. எழுத்தைப் படிக்காம வெறும் சிவப்பு பாட்டில் இருக்கா இல்லையான்னு எண்ணிட்டுப் போனா இது மாட்டவே மாட்டாது, டேபிள்ல எண்ணிக்கை கரெக்டாத்தான் இருந்துச்சு.

டிடெக்டர் விஷயம் வேற மாதிரி. வொர்க்‌ஷாப்ல பிளான்படி ஸ்மோக், மேல பார்த்தா ஹீட். வெல்டிங் பண்ற ஒவ்வொரு தடவையும் அலாரம் அடிக்குதுன்னு எப்பவோ மாத்திட்டாங்கன்னு இடிஓ (எலக்ட்ரிக்கல் அதிகாரி) சொன்னார், அவர் ஏறறதுக்கு முன்னாடியே நடந்தது. தூரத்துலேர்ந்து பார்த்தா ரெண்டும் சீலிங்ல ஒட்டின வெள்ளை கிண்ணம்தான், கிட்டப் போய் பாடியில என்ன எழுதியிருக்குன்னு பார்க்கணும், அப்புறம் பேனல்ல அந்த லூப்ல அந்த அட்ரஸ் என்னன்னு காட்டுதுன்னும் பார்க்கணும். மூணு இடத்துலயும் ஒரே பதில் வந்தாத்தான் பச்சை. இந்த மாதிரி டைப் மாத்தறது நம்ம இஷ்டத்துக்குப் பண்ற வேலை இல்ல, ஆபீஸுக்கு எழுதி கிளாஸ் வரைக்கும் போகணும்.

குழப்பற சிம்பல்னு கேட்டீங்கன்னா என் அனுபவத்துல பொருளுக்கும் அதோட ரிமோட் கண்ட்ரோலுக்கும் உள்ள வித்தியாசம்தான் முதல் இடம். எமர்ஜென்சி ஃபயர் பம்ப் ஒரு இடத்துல, அதை ஸ்டார்ட் பண்ற ஸ்விட்ச் வேற இடத்துல. க்விக் க்ளோசிங் வால்வ் (எண்ணெய் டாங்கை உடனே அடைக்கற வால்வ்) டாங்க் பக்கத்துல, இழுக்கற பிடி வெளிய ஃபயர் ஸ்டேஷன்ல. சிஓ2 பாட்டில் இருக்கற ரூம் ஒண்ணு, ரிலீஸ் பண்ற பெட்டி ஒண்ணு, சிஓ2 பாயற ஸ்பேஸ் மூணாவது, மூணுக்கும் தனித்தனி சிம்பல். அவசரத்துல வால்வ் சிம்பலைப் பார்த்துட்டு இன்ஜின் ரூமுக்குள்ள ஓடினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, வெளியவே நின்னு இழுத்திருக்கலாம்.

இன்டர்நேஷனல் ஷோர் கனெக்‌ஷனுக்கு ஒரு பாரா தனியா எழுதணும், எனக்குப் பிடிச்ச பொருள் அது. எந்த நாட்டு ஃபயர் பிரிகேட் ஹோஸா இருந்தாலும் நம்ம ஃபயர் லைன்ல தண்ணி ஏத்தறதுக்கு உலகம் முழுக்க ஒரே அளவுல ஒரு ஃபிளாஞ்ச் (குழாய்களை இணைக்கற வட்டத் தகடு). வெளி விட்டம் 178 மில்லி, உள் விட்டம் 64, போல்ட் சர்க்கிள் 132, 19 மில்லி துளை 4, அது ஒவ்வொண்ணும் ஓரம் வரைக்கும் வெட்டி விட்டிருக்கும், தடிமன் குறைஞ்சது 14.5. கூடவே ஒரு கேஸ்கெட், 16 மில்லி போல்ட் 4, நீளம் 50 மில்லி, நட் 4, வாஷர் 8. வெர்னியர் வச்சு கேடட்டை அளக்கச் சொன்னேன், அளவெல்லாம் சரி. ஆனா ஃபிளாஞ்ச் முகத்துல சிவப்பு பெயிண்ட் தடிமனா அடிச்சிருந்தாங்க, வெட்டு வழியில பெயிண்ட் கட்டி போல்ட் வழுக்கிட்டு உள்ள போகல, ரெண்டு போல்ட்டுக்கு நட் துருப்பிடிச்சு கையால சுத்த வரல, வாஷரை எண்ணினா குறையுது. பெட்டி மேல சிம்பல் மட்டும் பளபளன்னு புதுசு. முகத்தை பஃப் பண்ணி, போல்ட் செட் மாத்தி, கிரீஸ் தடவி, பக்கத்துலயே ஸ்பானரும் கட்டித் தொங்க விட்டோம்.

எல்லா டெக்கும் முடிஞ்சதும் சீஃப் மேட்கிட்ட காட்டி, கேப்டன் மூலமா ஆபீஸுக்கு மார்க்கப் காப்பி போச்சு. மாற்றம் நடந்தா முடிஞ்ச அளவு சீக்கிரம் பிளான்ல பதிவாகணும்னு சோலாஸே சொல்லுது, அதனால அப்ரூவ்ட் டிராயிங் புதுசா வர்ற வரைக்கும் தேதியும் கையெழுத்தும் போட்ட திருத்தம் எல்லாக் காப்பியிலயும் ஒரே மாதிரி ஏறணும். இந்த "எல்லாக் காப்பி"லதான் வழக்கமா ஓட்டை விழும், அக்கமடேஷன்ல இருக்கறதைத் திருத்திட்டு வெளிய டப்பாவுல இருக்கறதை மறந்துடுவாங்க.

டப்பாவைத் திறந்தோம். கேங்வே (கப்பல்ல ஏறற படி) பக்கம் இருக்கற சிவப்புக் குழாய்தான் அந்த டப்பா, அது இருக்கற இடத்தைக் காட்ட வெள்ளைப் பின்னணியில சிவப்புக் கப்பல் படம் போட்ட போர்டு, குறைஞ்சது 300க்கு 400 மில்லி சைஸ் இருக்கணும்னு ஐஎம்ஓ வழிகாட்டுதல். மூடியோட ஓ-ரிங் கெட்டுப் போய் உள்ள தண்ணி நின்னு ஷீட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்துச்சு, பிரிச்சா இங்க் உரிஞ்சு வருது. புதுசா பிரிண்ட் எடுத்து லாமினேட் பண்ணி, க்ரூ லிஸ்ட் ஒண்ணும் சேர்த்து உள்ள வச்சு, ஓ-ரிங் மாத்தியாச்சு.

அப்புறம்தான் நிஜமான டெஸ்ட். கேடட்டுக்கு இப்ப கப்பல் தெரியும், அதனால அவனை விட்டுட்டு, நியூகாசில் ஆங்கரேஜ்ல நிக்கும்போது மெஸ்மேனைக் கூப்பிட்டேன், கேலி, மெஸ், கேபின் தவிர எங்கயும் போகாத ஆளு. டப்பாவுலேர்ந்து பிளானை எடுத்துக் கொடுத்து, "நீங்க இப்ப கரை ஃபயர்மேன், ஷோர் கனெக்‌ஷன் எங்க, எமர்ஜென்சி ஃபயர் பம்ப் ஸ்டார்ட் எங்க, சிஓ2 ரிலீஸ் எங்கன்னு கண்டுபிடிங்க"ன்னு விட்டேன். ஷோர் கனெக்‌ஷனுக்கு லெஜண்டைப் பார்த்தார், சிம்பலைக் கண்டுபிடிச்சார், விறுவிறுன்னு நடந்து நேரா எதிர்ப்பக்கம் போய் நின்னார். காரணம் ரொம்ப சிம்பிள், டிராயிங்ல கப்பல் மூக்கு வலது பக்கம், அப்ப போர்ட் சைட் மேல வரும், அவர் கேங்வேல ஏறி பின்பக்கம் பார்த்து நின்னுக்கிட்டு பேப்பரைத் திருப்பாம பிடிச்சிருந்தார். சிம்பல் கரெக்டாப் படிச்சும் ஆள் தப்பான இடத்துல. பேப்பரை மூக்கு இருக்கற பக்கம் திருப்பிப் பிடிங்கன்னு சொன்னதும் மிச்ச ரெண்டையும் தானா கண்டுபிடிச்சுட்டார். அன்னைக்கே ஒவ்வொரு ஷீட்லயும் முன்பக்கம் காட்டற அம்பை பெருசா சிவப்புல போட்டு, டெக் பேரையும் ஸ்டேர்கேஸ் கதவுல என்ன எழுதியிருக்கோ அதே பேரா பக்கத்துல எழுதி வச்சேன், ஏன்னா பிளான்ல பூப் டெக்னு இருக்கும், கதவுல ஏ டெக்னு இருக்கும், வெளியாள் எங்க போவான்?

இதெல்லாம் ஓவரா இருக்குன்னு ஒரு இன்ஜினியர் சிரிச்சார். 2023 ஜூலை 5ஆம் தேதி அமெரிக்காவுல நியூவார்க் துறைமுகத்துல கிராண்டே கோஸ்டா டவோரியோங்கற கார் ஏத்தற கப்பல்ல தீ பிடிச்சு, அணைக்க உள்ள போன கரை ஃபயர்ஃபைட்டர்ஸ் ரெண்டு பேர் திரும்பி வரல. அதை அவர்கிட்ட சொன்னேன், அடுத்த ட்ரில்லுக்கு அவரே பிளானைத் தூக்கிட்டு வந்தார்.

மெஸ் ரூம்ல பழைய சிம்பல் ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம் வச்சு ஒரு சார்ட் ஒட்டியிருக்கேன். எல்லாத்தையும் போடல, தப்பா எடுத்தா ஆளைக் கொல்லற அளவுக்கு உள்ளதை மட்டும்: சிஓ2 சம்பந்தப்பட்ட மூணு, பம்ப், ரிமோட், ஈஈபிடி, டாம்பர் கலர், தப்பிக்கற வழி. சண்டே ட்ரில் முடிஞ்சதும் ஒரு ஆளைக் கூப்பிட்டு ஒரு சிம்பலைக் காட்டுவேன், பேர் சொல்ல வேண்டாம், என்னை அங்க கூட்டிட்டுப் போகணும். வொர்க்‌ஷாப் டிடெக்டருக்கு கிளாஸ் பதில் இன்னும் வரல, அதுவரைக்கும் அந்த ஒரு வட்டம் பச்சையா மாறாம பிங்க்லயே நிக்குது.